பூனைக்கும் வேண்டும் குடும்பக் கட்டுப்பாடு!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் நடக்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில், குவித்து வைத்த வலைகளின் மேல், கட்டிப் போட்ட விசைப்படகுகளின் நிழலில்... எங்கும் பூனைகள்தான். மீன் வெட்டுகிற பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செதிலுக்கும் குடலுக்கும் காத்திருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய எந்தத் தெருவிலும் பூனைக்குப் பஞ்சமே இல்லை. கடலில் மீன், கிடங்குகளில் எலி. வேறென்ன வேண்டும்?

ஆனால் கொஞ்சம் நின்று கவனித்தால் வேறொரு காட்சி தெரியும். கண்ணில் பீளை கட்டி ஒட்டிப்போன குட்டிகள். எலும்பு துருத்திய தாய்ப் பூனைகள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோட்டோரம் நசுங்கிக் கிடப்பவை. இவற்றில் பல, வீடுகளில் பிறந்து கோணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து விடப்பட்டவை. "மீன் மார்க்கெட்டுல வுட்டா பொழைச்சுக்கும்" என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை.

பெரும்பாலும் பிழைப்பதில்லை. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் வீடில்லாத பூனைகளைத் தொடர்ந்து கவனித்து, 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூறு குட்டிகளில் எழுபத்தைந்து, ஆறு மாதம் நிறைவதற்குள் செத்துப்போயின அல்லது காணாமல் போயின. மனிதர்களால் பராமரிக்கப்பட்ட கூட்டங்களிலேயே இந்தக் கதி என்றால், லாரியும் நாயும் மழைத் தண்ணீரும் நிறைந்த நம் தெருவில் எப்படியிருக்கும்?

2020 பிப்ரவரியில் ஒரு சம்பவம் நினைவிருக்கலாம். சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கன்டெய்னர் ஒன்றில் உயிரோடு ஒரு பூனை இருந்தது. கொரோனா பயம் தலைதூக்கிய நேரம். திருப்பி அனுப்புவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா என்று பெரிய விவாதமே நடந்தது. அந்த ஒரு பூனைக்காக அத்தனை பேர் பேசியது நல்ல விஷயம்தான். அதே துறைமுகச் சுவருக்கு வெளியே வருஷா வருஷம் பிறந்து சாகிற குட்டிகளைப் பற்றியும் நாம் பேச வேண்டாமா?

மூலிகை உண்டா டாக்டர்?

என்னிடம் மூட்டுவலிக்கும் இரைப்புக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள், எழுந்து போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "சார், வீட்ல ஒரு பூனை இருக்குது. வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடுது. இதை நிறுத்த ஏதாச்சும் பச்சிலை இருக்குதா?"

சித்த மருத்துவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது இயல்பு. பதிலை நேராகவே சொல்லிவிடுகிறேன். இல்லை. மாட்டு வாகடம் உண்டு, குதிரை வாகடம் உண்டு. பூனைக்குக் கொடுத்துக் கருத்தடை செய்யலாம் என்று நம்பிச் சொல்லக்கூடிய மூலிகை எதுவும் எங்கள் படிப்பில் கிடையாது.

குப்பைமேனியைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. அதற்குப் 'பூனைவணங்கி' என்றே ஒரு பெயர் இருக்கிறது. செடியைப் பிடுங்கி வேரைப் போட்டால் பூனை ஓடிவந்து முகர்ந்து, உரசி, உருண்டு புரளும். அது வெறும் கிறக்கம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். கருப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதனுக்கு ஆகிற மருந்து பூனைக்கு ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். பல மருந்துப் பொருள்களை நம் ஈரல் மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை ஒன்று போதும், ஒரு பூனையைக் கொல்ல. பூண்டும் வெங்காயமும் அதன் ரத்த அணுக்களை உடைக்கும். கற்பூரம், யூக்கலிப்டஸ் தைலம் இரண்டும் விஷம்தான். ஆகவே கை மருந்து, கஷாயம், லேகியம் எதையும் பூனையிடம் பரீட்சித்துப் பார்க்காதீர்கள்.

"அப்ப மெடிக்கல் ஷாப்புல ஊசி, மாத்திரை கிடைக்குமே?" என்பார்கள். பெண் ஹார்மோன் சேர்ந்த ஊசியும் மாத்திரையும் பூனை பருவத்துக்கு வருவதைத் தள்ளிப் போடும், உண்மைதான். ஆனால் கருப்பையில் சீழ் கட்டுவது, மடியில் கட்டி வருவது, சர்க்கரை நோய் வருவது ஆகிய ஆபத்துகள் அதோடு சேர்ந்து வரும். கால்நடை மருத்துவர் பார்க்காமல் இதைக் கொடுப்பது விபரீதம்.

மிச்சம் இருக்கும் நல்ல வழி ஒன்றுதான். ஆபரேஷன்.

நம்மூர்ப் பூனைக்கு ஓய்வே இல்லை

பெட்டைப் பூனை நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். பெரும்பாலும் ஐந்து, ஆறு மாதத்தில். நாம் "இன்னும் குட்டிதானே" என்று மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்போம், அது கர்ப்பமாகியிருக்கும்!

பருவத்துக்கு வந்த பூனை இரவெல்லாம் கத்தும், தரையில் புரளும், காலை உரசும். பூனைக்கு வயிற்றுவலி என்று பதறிப் போகிறவர்களும் உண்டு. ஒரு வாரம் போல இது இருக்கும். ஆண் சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் ஆரம்பிக்கும்.

பூனையிடம் ஒரு விசேஷம் உண்டு. பெண்களைப் போல மாதா மாதம் தானாகக் கருமுட்டை வெளிவருவதில்லை. ஆண் பூனை சேர்ந்த பிறகுதான், அந்தத் தூண்டுதலில் முட்டை வெளிவரும். அதனால் கரு தங்காமல் போவது அபூர்வம். ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, புலிக்கோடு போட்டது ஒன்று என்று ஒரே தாய்க்குப் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்ப்ப காலம் சுமார் 63 முதல் 65 நாள். ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகலாம். "பால் குடுக்குற வரைக்கும் பயமில்லை" என்ற கணக்கு பூனையிடம் செல்லாது.

குளிர் நாடுகளில் பகல் வெளிச்சம் குறையும் மாதங்களில் பூனைக்குப் பருவம் நின்று ஓய்வு கிடைக்கும். லண்டனில் டிசம்பர் மாதம் பகல் எட்டு மணி நேரம்தான். சென்னையிலோ டிசம்பரிலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது. போதாததற்கு வீட்டில் ட்யூப் லைட், தெருவில் விளக்கு, துறைமுகத்தில் விடிய விடிய வெளிச்சம். நம்மூர்ப் பூனைக்கு வருஷம் பூராவும் சீசன்தான். தாய்ப் பூனை எலும்பும் தோலுமாக ஆவதற்குச் சாப்பாடு போதாதது மட்டும் காரணமில்லை. ஓயாத பிரசவமும் காரணம்.

பெட்டைக்கு என்ன லாபம்?

பெட்டைப் பூனைக்குச் செய்யும் ஆபரேஷனில், மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறிதாகக் கிழித்துச் சினைப்பைகளையும் பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். பெண்களுக்குச் செய்வது போலக் குழாயைக் கட்டி விடுவதில்லை. குழாயை மட்டும் கட்டினால் குட்டி பிறக்காது. ஆனால் பருவத்துக்கு வருவதும் கத்துவதும் நிற்காது.

கருப்பை எடுத்துவிட்டால் அதில் சீழ் கட்டும் நோய்க்கு இடமில்லை. அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, வாந்தி, சோர்வு, சிலவற்றுக்குப் பிறப்புறுப்பில் சீழ் வடிவது என்று வரும் அந்த நோய், கவனிக்காவிட்டால் உயிரை வாங்கிவிடும்.

மடிப் புற்றுநோய் இன்னும் கொடியது. பூனைக்கு மடியில் வரும் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் புற்றாகவே இருக்கும். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஆறு மாத வயதுக்கு முன்பே ஆபரேஷன் செய்த பூனைகளுக்கு இந்த ஆபத்து 91 சதவீதம் குறைகிறது. ஒரு வயதுக்குள் செய்தால் 86 சதவீதம். இரண்டு வயதுக்கு மேல் செய்தால் இந்த லாபம் ஏறக்குறைய இல்லை. "ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது அதனால்தான் தவறான யோசனை.

கடுவனுக்கு என்ன லாபம்?

கடுவன் பூனைக்கு ஆபரேஷன் இன்னும் சுலபம். விதைகளை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் தையல்கூடப் போடுவதில்லை. காளைக்கும் கிடாய்க்கும் காயடிப்பது நம் ஊரில் காலங்காலமாக நடப்பதுதான். அன்று வலிக்க வலிக்கச் செய்தார்கள், இன்று மயக்கத்தில் செய்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவே.

கடுவன் சுவரிலும் கதவிலும் பீய்ச்சி அடிக்கும் மூத்திர நாற்றம் எப்படிப்பட்டது என்று பூனை வளர்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இளம் வயதிலேயே ஆபரேஷன் செய்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும். இரவில் ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையும். சண்டைக் கடியினால்தான் பூனைகளுக்குள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் எய்ட்ஸ் போன்ற ஒரு வைரஸ் பரவுகிறது. (பயப்படாதீர்கள், அது மனிதருக்குத் தொற்றாது.) ஒரு எச்சரிக்கை: ஆபரேஷன் முடிந்த பிறகும் சில வாரங்கள் கடுவனுக்குக் குட்டி தரும் சக்தி மிச்சமிருக்கலாம். பெட்டையிடமிருந்து ஆறு வாரம் தள்ளி வையுங்கள்.

குட்டி ஆணா பெண்ணா என்று குழப்பமா? மூன்று நிறம் கலந்த பூனை, அதாவது வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் உள்ளது, கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு அப்படி அமைந்திருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கு என்ன லாபம்?

கடி, கீறல்: சண்டையும் சுற்றலும் குறைந்தால் வெறிநோய் உள்ள பிராணியோடு மோதும் வாய்ப்பும் குறையும். இருந்தாலும் ஆபரேஷன் வெறிநோய்த் தடுப்பூசிக்கு மாற்று அல்ல. மூன்று மாதத்தில் குட்டிக்கு அந்த ஊசி போட்டே ஆகவேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதையும் அப்பாதீர்கள். பச்சிலைச் சாறு குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வெறிநோய் கண்டபின் பிழைக்க வைக்க எந்த வைத்தியத்திலும் வழியில்லை. இதை ஒரு சித்த மருத்துவனே சொல்கிறேன்.

கர்ப்பிணிகள்: "மருமக முழுகாம இருக்கா, பூனையைத் தொரத்திடலாமா?" என்று கேட்கும் மாமியார்கள் உண்டு. வேண்டியதில்லை. பூனை மலத்தில் ஒருவகைக் கிருமி இருக்கலாம். அது கருவைப் பாதிக்கலாம் என்பது வாஸ்தவம். முதல் முறை தொற்று வந்த பூனை ஒன்றிரண்டு வாரம் அதை வெளியேற்றும். அந்தக் கிருமி மலத்தில் விழுந்து குறைந்தது ஒரு நாள் ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். கீரையைக் கழுவிச் சமையுங்கள். வருஷா வருஷம் வேட்டையாடிப் பழகும் புதுக் குட்டிகள் வீட்டில் சேராமலிருந்தால், இந்தத் தொல்லையும் குறைவுதான்.

இரைப்பு: எண்ணூர், திருவொற்றியூர் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே இரைப்பு உள்ளவருக்குப் பூனை ஒவ்வாமையும் சேர்ந்தால் கஷ்டம். ஒவ்வாமை தருவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம். முழுக் கடுவனிடம் அது அதிகம், ஆபரேஷன் செய்ததும் குறைகிறது. இதனால் மட்டும் இரைப்பு தீர்ந்துவிடாது. பூனையைப் படுக்கையறைக்குள் விடாமலிருப்பதும் அவசியம்.

ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும்

* வயது நாலு முதல் ஆறு மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. எடை போதுமா, உடம்பு தாங்குமா என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்வார். தடுப்பூசிகளை முன்பே போட்டுவிடுங்கள்.

* குட்டி போட்ட தாய்க்கு, குட்டிகள் பால் மறந்த பிறகு செய்யலாம். அதுவரை வெளியே விடாதீர்கள்.

* வளர்ந்த பூனைக்கு முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். சின்னக் குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது. எத்தனை மணி நேரம் என்று டாக்டரைக் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

* பிளாஸ்டிக் கூடையில் மூடி போட்டு எடுத்துப் போங்கள். மடியில் வைத்து ஆட்டோவில் போனால், ஹாரன் சத்தத்துக்குத் துள்ளி ஓடிவிடும்.

* வீடு வந்ததும் கதகதப்பான, இருட்டான மூலையில் தரையிலேயே விடுங்கள். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை கட்டில், பீரோ மேல் ஏற விடாதீர்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு வழக்கத்தில் பாதி அளவு சாப்பாடு.

* அந்த அறையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பாதத்தில் ஒட்டியதை நக்கினால் பூனைக்கு விஷம். சாதா சோப்புத் தண்ணீர் போதும்.

* தையல் மேல் மஞ்சள், வேப்பெண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம். எதைத் தடவினாலும் அது நக்கி விழுங்கிவிடும். நக்கி நக்கித் தையலையும் பிரித்துவிடும். கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னால் பரிதாபப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள்.

* பத்துப் பதினாலு நாள் குளிப்பாட்ட வேண்டாம். வெளியேயும் விட வேண்டாம்.

* ரத்தக் கசிவு, வீக்கம், தொடர்ந்து வாந்தி, ஈறு வெளுத்துப்போவது, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமலிருப்பது... இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

ஆபரேஷன் செய்தால் எலி பிடிக்குமா?

பிடிக்கும். வேட்டைக் குணம் சினைப்பையிலோ விதையிலோ இல்லை.

குண்டாகிவிடுமே?

ஆபரேஷனுக்குப் பிறகு பூனைக்குத் தேவைப்படும் சக்தி கால் பங்கு வரை குறைகிறது. பசி குறைவதில்லை! பழைய அளவே போட்டால் குண்டாகத்தான் செய்யும். அளவைக் குறைத்து, கொஞ்சம் விளையாட்டுக் காட்டுங்கள். நெத்திலி, சாளை எதுவானாலும் வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். சிலவகைப் பச்சை மீனில் உள்ள ஒரு பொருள் பி1 வைட்டமினை அழித்துவிடும். தயிர்சாதத்திலேயே காலம் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பூனைக்கு மாமிசச் சத்து அவசியம்.

கடுவனுக்கு மூத்திர அடைப்பு வருமாமே?

ஆபரேஷன்தான் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, வெறும் உலர்தீனி, உடல்பருமன் ஆகியவை காரணமாகலாம். ஆனால் எந்தக் கடுவனும் முக்கி முக்கி உட்கார்ந்து சொட்டுகூட வராமலிருந்தால் அது அவசரம். மறுநாள் வரை காத்திருந்தால் உயிர் போகலாம். சிறுபீளைக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

தாய்மையைக் கெடுப்பது பாவமில்லையா?

பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். குட்டிகளைக் காப்பாற்ற அது படும் பாடு அது. அந்தக் குட்டிகளை, கண் திறந்ததும் கோணியில் போட்டுக் கொண்டுபோய் விடுவது பாவமில்லையா? பட்டினியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ம் வருடத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தாயாக வேண்டும் என்ற ஏக்கம் பூனைக்குக் கிடையாது. பருவம் வந்தால் கத்துகிறது. பருவம் இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்குகிறது.

எங்கே செய்வது?

நாய்களுக்குக் கருத்தடை செய்வதில் சென்னைக்கு ஒரு வரலாறு உண்டு. கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், 1964 முதலே இதை வலியுறுத்திச் செய்து வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1996-ல், மாநகராட்சியும் தெருநாய்களைக் கொல்வதை விட்டு இந்த வழிக்கு வந்தது. புளியந்தோப்பில் உள்ள மாநகராட்சி மையம் முக்கியமாகத் தெருநாய்களுக்கானது. வீட்டுப் பூனைக்கு நாம்தான் முயற்சி எடுக்க வேண்டும்.

வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரி தூரமில்லை. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருக்கின்றன. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். வேளச்சேரியில் புளூ கிராஸ் இருக்கிறது. தனியார் கிளினிக்குகள் இப்போது ராயபுரம், தண்டையார்பேட்டை வரை வந்துவிட்டன. இடத்துக்கு இடம் செலவு மாறும். முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்து, பின்னால் போடும் ஊசி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்பது புத்திசாலித்தனம்.

தெருவில் நாலு வீடு சேர்ந்து சாப்பாடு போடும் பூனை இருந்தால், நாலு வீடும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆபரேஷன் முடிந்த தெருப் பூனைக்குக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு வைக்கச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவதால் வலிக்காது. மறுபடி யாரும் அதைப் பிடித்துக்கொண்டு போய் வயிற்றைக் கிழிக்காமலிருக்க அது அடையாளம்.

உங்கள் வீட்டுக் குட்டிக்கு இப்போது எத்தனை மாதம் என்று கணக்குப் பாருங்கள். நாலு முடிந்திருந்தால், இந்த வாரமே ஒரு நாள் குறித்துவிடுங்கள்.